சாமிச் சூடு

"ஏட்டி பேபி, அன்னைக்கு உங்க அய்யாவுக்கு நெசமாவே சாமிதான் வந்துச்சா?"

சுப்புத்தாய் அக்கா இதை என்னிடம் கேட்டது தீப்பெட்டி ஆபீசில், நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தீக்குச்சிக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது. கேட்கும்போது அவள் கை நிற்கவில்லை. குச்சிகளைச் சட்டத்தின் பள்ளங்களில் உருட்டிவிட்டபடியே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது.

எனக்கு நாலு பேர் நடுவில் வாய் வராது. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் அழுதுவிடுவேன். படிப்பை நிறுத்தி என்னை ஆபீசுக்கு அனுப்பியபோது அந்த ஒன்றுக்காக மட்டும் சந்தோஷப்பட்டேன். அதனால் சுப்புத்தாய் அக்காவுக்குச் சொல்லாததை இந்த நோட்டில் எழுதுகிறேன்.

எங்கள் தெரு அம்மன் கோவில் கொடைத் திருவிழா ஆனி மாதக் கடைசிச் செவ்வாய். ஒரு வாரம் முன்னாலேயே கால் நாட்டிவிடுவார்கள். பந்தலுக்கு முதல் கம்பை நட்டுப் பூசை போட்டுவிட்டால், கொடை முடியும் வரை தெருக்காரர்கள் யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. சாமியாடுகிறவர் ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும். வீட்டு ஆட்கள் தவிர வேறு யார் கையாலும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. எங்கள் தெருவில் சாமிப் பிரம்பு பிடித்துச் சாமியாடுகிறவர் என் அய்யா. பெயர் பூவனநாதன்; தெருவில் கூப்பிடுவது பூவநாதன். மற்ற நாட்களில் அவரும் தீப்பெட்டி ஆபீசில்தான் வேலை பார்த்தார். நாங்கள் அடுக்கிய குச்சிகளைச் சட்டத்தோடு தூக்கி மருந்தில் முக்கி எடுப்பார்.

அந்த ஐம்பத்தேழாம் வருஷம் கால் நாட்டும்போதே ஊரில் காய்ச்சல் இருந்தது. மெட்ராசுக்குக் கப்பலில் வந்த காய்ச்சல் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். முதலில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வந்தது. பிறகு எங்கள் ஆபீசில் ஒரே நாளில் பதினோரு பேர் வேலைக்கு வரவில்லை. வந்தவர்கள் மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு அதே கையால் குச்சி அள்ளினார்கள். என் பக்கத்துத் தட்டில் ஈரம் பட்டுக் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொடைக்கு முந்தின நாள் திங்கட்கிழமை காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். பந்தல் கம்பில் ஒரு நோட்டீஸை ஒட்டினார். கூட்டம் கூடக் கூடாது, கொடையைத் தள்ளிவைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷத்தில் தெரு முழுவதும் கூடிவிட்டது.

"கப்பல்ல வந்த காய்ச்சலாம்லா. ஏலே, நம்ம கரிசக் காட்டுல எங்கலே கப்பல் ஓடுது?" என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. துப்பினார்கள். துப்பியதன் மேல் காலால் மண்ணைத் தள்ளிவிட்டு மறுபடி சிரித்தார்கள்.

"எம் மக நாகலாபுரத்துல இருந்து பிள்ளையளோட வந்து எறங்கிட்டா. மருமகன் முன்னால நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கதுக்கு?"

"கடா வாங்கிக் கட்டியாச்சு. மாலையும் போட்டாச்சு. அது என்னயப் பாத்துக் கேக்குது, என்னைக்குன்னு."

"மேலத் தெருக்காரன் போன மாசம் நடத்துனாம்லா? அவனுக்கு மட்டும் காய்ச்சல் லீவு விட்டிருந்துச்சோ? இனி பைப்படியில அவன் பொண்டாட்டிமாரு வாயில யாரு விழுகதுக்கு?"

காய்ச்சலில் கிடப்பவர்களைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிப் பேசிய ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் கிடந்தார்.

தங்கசாமி அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். கொடைக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

"சார், சினிமாக் கொட்டகைய மூடுனீயளா? அத மூடிட்டு அப்புறம் எங்க அம்மாட்ட வாங்க."

"இன்னைக்கு முதல் மூடச் சொல்லியாச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அதற்குத்தான் நிஜமான கூச்சல் வந்தது. அம்மன் கொடை நின்றதற்கு முணுமுணுத்தவர்கள் படம் நின்றதற்குத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பந்தலுக்கு விளக்கும் ரேடியோ செட்டும் போடுபவர் பிச்சை முகம்மது பாய். ஏணியில் நின்று ஒயர் கட்டிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, நாங்களும் தர்கா கந்தூரிக்குக் கொடி ஏத்தியிருந்தோம். கூட்டம் வேண்டாம்னு சொன்னாக. நாலு பேரு மட்டும் ஓதிட்டு வீட்டுக்குப் போயிட்டோம். இந்தக் கொடைய ஒரு ரெண்டு மாசம் தள்ளி வைக்கதுல என்ன வந்துரப் போவுது?"

"உங்களுக்கென்ன பாய், சொன்னாக் கேட்டுக்கிடுவாவ. எங்க அம்மா கோவக்காரில்லா" என்றார் அண்ணாச்சி. அதற்கும் ஒரு சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில தரையிலகூட இடமில்ல. உங்க தெருவுல மட்டும் ஒம்பது வீட்டுல காய்ச்சல்னு தகவல் வந்திருக்கு. நான் நாளைக்கு வருவேன். மேளச் சத்தம் கேட்டா போலீசோட வருவேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

"ஒம்பதுன்னு யாரு போய்ச் சொன்னது?"

எல்லோர் தலையும் எங்கள் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே சொர்ணத்தாய் அத்தை தனியாகக் குடியிருந்தாள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. எங்களுக்குச் சொந்தம் இல்லை. ஆனாலும் நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

"ஆஸ்பத்திரிச் சம்பளம் திங்காள்லா, அந்த விசுவாசம்."

"காட்டிக் குடுத்தவ" என்றாள் ஒருத்தி. அதைச் சொன்னவளுக்குப் போன வருஷம் பிரசவம் சிக்கலானபோது ராத்திரியில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் சொர்ணத்தாய் அத்தைதான்.

ஒன்பது என்பது தப்பு. பத்து. பத்தாவது ஆள் எங்கள் வீட்டுக்குள் போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு கிடந்தார்.

அய்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே காய்ச்சல் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டு, சொர்ணத்தாய் அத்தை காகிதத்தில் மாத்திரை மடித்துக்கொண்டு கொல்லை வழியாக வந்தாள். அம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள். "விரதத்துல இருக்க மனுசன் கண்ட கையாலயும் மருந்து திங்கலாமா? கொண்டு போயிரு சொர்ணம். வெளிய மூச்சு விட்டிராத" என்றாள். அத்தை மூச்சு விடவில்லை. இன்ஸ்பெக்டரிடம் ஒன்பது என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் போனபிறகும் கூட்டம் கலையவில்லை. மேளக்காரர்கள் காலையிலேயே வந்து கோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் தங்கசாமி அண்ணாச்சிக்கு யோசனை வந்தது.

"நிறுத்தச் சொன்னது கவர்மெண்டு. கால் நாட்டச் சொன்னது அம்மா. யாரு பெருசுன்னு அவளயே கேட்டுருவோம். பூவநாதனக் கூட்டிட்டு வாங்கலே."

நான் வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே செய்தி வந்திருந்தது. அம்மா அய்யாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, இடுப்பில் சிவப்புக் கச்சையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் நெற்றியைத் தொட்டேன். ஆபீசில் குச்சி மருந்து காய்ச்சுகிற சட்டியைத் தொட்டதுபோல் இருந்தது.

"அம்மா, அய்யாவுக்கு உடம்பு கொதிக்குதும்மா. வேண்டாம்மா. கும்பிடுதேன்."

"வாய மூடுட்டி. இவிய இன்னைக்குப் போகலன்னா நாளைக்கு அந்தப் பிரம்பு வேற வீட்டுக்குப் போயிரும். அப்புறம் இந்தத் தெருவுல இசக்கியம்மாளுக்கு என்ன மரியாத?" என்றாள் அம்மா. தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டாள்.

அய்யா சுவரைப் பிடித்து எழுந்தார். சுவரைப் பிடித்தே வாசல்வரை நடந்தார். அதன்பிறகு பிடிக்கச் சுவர் இல்லாததால் இரண்டு ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நான் அய்யா ஆடுவதை நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். அவருக்கு முதலில் வலதுகால் பெருவிரல் துடிக்கும். அப்புறம் தொடை. அப்புறம் மூன்று தடவை 'ஏய்' என்று அடிவயிற்றிலிருந்து சத்தம் போடுவார். மூன்றாவது சத்தத்தில் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பிக் குதிப்பார். அன்றைக்குக் கால்விரல் துடிக்கவில்லை. தாடைதான் முதலில் ஆடியது. பற்கள் அடித்துக்கொண்டன. பிறகு தோள், பிறகு முழு உடம்பு. வெயிலில் நின்று குளிரில் நடுங்கினார். சத்தமே போடவில்லை. மூன்று சத்தம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள்.

"தாயே! கொடை நடக்கணுமா, வேண்டாமா?" என்று தங்கசாமி அண்ணாச்சி கைகூப்பிக் கத்தினார்.

அய்யாவின் தலை நடுக்கத்தில் மேலும் கீழும் ஆடியது.

"நடக்கணும்னுட்டா! அம்மா சொல்லிட்டா!"

மஞ்சள் தண்ணீர்க் குடங்கள் வந்தன. அம்மனைக் குளிர்விக்க ஆடுகிறவர் தலையில் ஊற்றுவது வழக்கம். மூன்று குடம் ஊற்றுவார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் வேகம். ஏழு குடம் ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற அவர் இன்னும் நடுங்கினார். அவர் நடுங்க நடுங்க இவர்கள் இன்னும் ஊற்றினார்கள்.

நான் கூட்டத்துக்குள் நுழைந்து அண்ணாச்சியின் முழங்கையைத் தொட்டேன். என் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு பெரிய ஆளிடம் நானாகப் பேசினேன்.

"மாமா, அய்யாவுக்குக் காய்ச்சல்."

மேளச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அவருக்குக் கேட்டது. குனிந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு அய்யாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். அவர் விரல் பின்வாங்கியதை நான் பார்த்தேன்.

"அது சாமிச் சூடுட்டி" என்றார். "சாமி எறங்குன உடம்பு கொதிக்கத்தான் செய்யும். நீ போய் ஓரமா நில்லு."

அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை நான் எந்தக் கோவிலிலும் சத்தியம் செய்வேன். தொட்ட கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டார்.

பிறகு திருநீறு. திருநீற்றுக் கொப்பரையை அய்யா கையில் கொடுத்தார்கள். எல்லோரும் வரிசையில் வந்தார்கள். அய்யா கொப்பரைக்குள்ளேயே இருமினார். ஈரக் கையால் எடுத்ததால் திருநீறு சேறுபோல் கட்டைவிரலில் ஒட்டியது. அதை நெற்றி நெற்றியாக வழித்துவிட்டார். கைப்பிள்ளைகள் என்றால் நெற்றியில் பூசிவிட்டு வாயிலும் ஒரு துளி வைக்கவேண்டும். அது எங்கள் தெரு வழக்கம். சுப்புத்தாய் அக்கா தன் எட்டு மாதப் பையனை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள். அய்யா விரலை அவன் வாயில் வைத்தார். அவன் பால் என்று நினைத்துச் சப்பினான். பார்த்தவர்கள் "அம்மா பால் குடுக்கா" என்று மறுபடி குலவை போட்டார்கள். நான் பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

இவ்வளவுக்கும் கொடை நடக்கவில்லை. மேளச் சத்தம் ஊருக்கே கேட்டிருக்க வேண்டும். சாயங்காலமே இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். தொப்பியைப் பார்த்ததும் அம்மனின் உத்தரவு எங்கே போனதென்று தெரியவில்லை. "சார் சொன்னா சரிதாங்க" என்றார் தங்கசாமி அண்ணாச்சி. பிச்சை முகம்மது பாய் விளக்குகளை அவிழ்த்து வண்டியில் ஏற்றினார். கடாவின் மாலையைக் கடாவே தின்றது.

போலீஸ்காரர்களிடம் காட்ட முடியாத வீரத்தை மறுநாள் விடிவதற்குள் சொர்ணத்தாய் அத்தை வீட்டுக் கதவில் காட்டியிருந்தார்கள். கதவு முழுக்க மலம் பூசியிருந்தது. தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பொத்திய கைக்குள் சிரித்துக்கொண்டு போனார்கள். அத்தை ஒரு வாளித் தண்ணீரும் விளக்குமாறுமாகக் கழுவினாள். கழுவி முடித்து, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக வந்தாள்.

"மதினி, கொடைதான் நின்னு போச்சே. இனி விரதம் என்ன விரதம்? அண்ணன் நெஞ்சுல சளி கட்டிப் போச்சு. இப்பக்கூட மருந்து குடுக்கலன்னா நீங்க தாலிய அத்துருவீய" என்றாள்.

அம்மா அன்றைக்கு வழிவிட்டாள். அத்தை பன்னிரண்டு நாள் வந்தாள். ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்கி வந்து, ஊசி போடுகிறவரையும் இரண்டு தடவை கூட்டிவந்தாள். அய்யா பிழைத்தார். அவள் ஒவ்வொரு நாளும் எழுந்து போனபின் அவள் உட்கார்ந்த இடத்தை அம்மா சாணி போட்டு மெழுகினாள். ஆஸ்பத்திரித் தீட்டாம். சாணியை உருட்டிக் கொடுத்தவள் நான். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு நாளில் தெருவில் முப்பது பேருக்கு மேல் படுத்தார்கள். பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். சுப்புத்தாய் அக்காவின் பையன் எட்டாவது நாள் இறந்துபோனான்.

"கொடை நின்ன கோவம். அம்மா பிள்ளைய எடுத்துக்கிட்டா" என்று தெருவில் பேசினார்கள். "நடத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்காரி பண்ணுனது." இதைச் சொல்ல எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தார்கள். அய்யாவிடமே சொன்னார்கள். தங்கசாமி அண்ணாச்சி ஒரு சீப்புப் பழம் வாங்கி வந்திருந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, படியிலேயே பழத்தை வைத்துவிட்டு, "அன்னைக்கு அம்மா உம்ம மேல வந்த வேகம் நான் பாத்ததே இல்ல பூவநாதா" என்றார்.

அவர் போனபின் அய்யா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, எனக்கு ஆடும்போது கொஞ்சம் நெனவு இருக்கும். யாரு வாராவ, என்ன கேக்காவன்னு தெரியும். அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. கச்ச கட்டுனது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. நான் அன்னைக்குத் துன்னூறு குடுத்தனா?"

"குடுத்தீய."

"யார் யாருக்கு?"

சொன்னேன். வீட்டு வரிசைப்படி சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டைத் தாண்டிவிட்டு அடுத்த வீட்டைச் சொன்னேன்.

"சுப்புத்தா வீட்ட விட்டுட்ட" என்றார்.

நான் அந்த வீட்டையும் சொன்னேன்.

"பிள்ள வாயிலயுமா வச்சேன்?"

அடுப்படியிலிருந்து அம்மா, "ஏட்டி, இங்கன வா" என்று கூப்பிட்டாள். நான் போகவில்லை. "ஆமாய்யா" என்றேன். அய்யா தன் வலதுகைக் கட்டைவிரலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் சுப்புத்தாய் அக்கா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவள் கேட்டதை வீட்டில் அய்யாவிடம் சொன்னேன்.

புரட்டாசியில் காய்ச்சல் ஓய்ந்தது. தள்ளிவைத்த கொடையை நடத்தினார்கள். கடாவுக்குப் புது மாலை வந்தது. ஆனி மாதம் திட்டித் தீர்த்த இன்ஸ்பெக்டருக்கே தங்கசாமி அண்ணாச்சி பந்தலில் மாலை போட்டு, "சாரோட ஒத்துழைப்பு இல்லன்னா நம்ம தெரு தப்பிச்சிருக்காது" என்று மைக்கில் பேசினார். அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். சொர்ணத்தாய் அத்தை மட்டும் பந்தலுக்கு வரவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை.

மதியக் கொடைக்கு மேளம் தொடங்கியது. அய்யா கச்சை கட்டி, கையில் பிரம்போடு அம்மன் முன்னால் நின்றார். நான் அவருடைய வலதுகால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். வியர்வை அவர்கள் முழங்கையிலிருந்து சொட்டியது. பெண்கள் குலவை போட்டுப் போட்டு ஓய்ந்தார்கள்.

"என்ன, ஆள் கல்லு மாதிரி நிக்காரு?"

"அம்மாளுக்கு இன்னும் கோவம் தீரலையோ என்னமோ."

"போன தடவ ஆடுன ஆட்டத்துக்குப் பாதியாவது ஆடச் சொல்லுங்கய்யா!"

தங்கசாமி அண்ணாச்சி பொறுமையில்லாமல் திருநீற்றுக் கொப்பரையை அய்யாவின் கையில் திணித்தார். "ஆட்டம் வரும்போது வரட்டும். சனம் காத்துக் கெடக்குது. மொதல்ல துன்னூறக் குடும்."

துக்கம் நடந்த வீட்டுக்குத்தான் முதல் திருநீறு கொடுப்பார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. சுப்புத்தாய் அக்கா வந்து நின்றாள். போன தடவை இரண்டு கையிலும் பிள்ளையை ஏந்தி நீட்டியவள், இந்தத் தடவை அதேபோல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். அய்யாவின் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்டதைத்தான் வாய் திறக்காமல் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அய்யா அந்தக் கைகளைப் பார்த்தார். கொப்பரையைக் குனிந்து தரையில் வைத்தார். அதன் பக்கத்தில் பிரம்பை வைத்தார். இடுப்பிலிருந்த கச்சையை அவிழ்த்து, நான்காக மடித்து, பிரம்பின் மேல் வைத்தார். பந்தலுக்கு வெளியே போய் நின்று, அவளைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினார்.

"ஏலே பூவநாதா! எங்கலே போற? அம்மா குத்தம்லே!" என்று அண்ணாச்சி மைக்கிலேயே கத்தினார்.

மேளக்காரர்கள் நிறுத்துவதா அடிப்பதா என்று தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அய்யா திரும்பினார். எங்கள் வீட்டைத் தாண்டினார். சொர்ணத்தாய் அத்தை வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பருத்தி விதைத்திருந்த கரிசல் காட்டுப் பக்கம் நடந்து போனார்.